மகனுக்குள் போன அப்பா

பிரிக்பீல்ட்ஸில் அந்த மாடியறைக்கு நான் முதன்முதலாக ஏறிப்போனது எந்த மாதம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கம், அது மட்டும் நிச்சயம். கீழே ஒரு பூக்கடை, அதை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. மல்லிகையும் ரசமும் கலந்த ஒரு வாசனை மதியம் முழுக்கப் படியேறி வந்து எங்கள் மின்விசிறிக்கடியில் சுற்றிக்கொண்டிருக்கும். ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிரும். அந்த அறையில் நான் விழித்துக்கொண்டு செய்த வேலை எவ்வளவு, பாதித் தூக்கத்தில் செய்தது எவ்வளவு என்று இன்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நினைத்தாலே கண் சொருகுகிறது.

அறை ஒரு சின்னச் சங்கத்துடையது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பிறந்ததற்குக் காகிதம் இல்லாமல், வாழ்நாள் முழுக்கச் சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டையோடு இருந்தவர்கள் அங்கே வருவார்கள். சிவப்பு என்றால் இந்நாட்டுக் குடிமகன் இல்லை என்று அர்த்தம். நீல ஐசி வாங்க அவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதுதான் சங்கத்தின் வேலை. சம்பளத்துக்கு இருந்தது ஒரே ஒரு ஆள், நான் அக்கா என்று கூப்பிட்டவர். நாற்பதைத் தாண்டியவர். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். தாளை எண்ணி எண்ணி அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் அப்போது பங்சாரில் ஒரு கம்பெனியில் புரோகிராமர். கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். இருபத்தெட்டு வயது, இரண்டு பேருக்குப் போதுமான மண்டைக்கனம். யாரோ சங்கத்துக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தானமாகக் கொடுக்க, ஃபைல்களை எல்லாம் அதற்குள் வைக்க ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று நானாகப் போய் நின்றேன். யாரும் கெஞ்சவில்லை.

"ஆள் ஆளா வச்சா எனக்குத் தேட வராது தங்கச்சி, குடும்பமா வை" என்றார் அக்கா. அப்படியே வைத்தேன். முதலில் தோட்டம். தோட்டத்துக்குள் அப்பாவின் ஃபைல். அப்பாவுக்குள் பிள்ளைகளின் ஃபைல்கள், பிள்ளைகளுக்குள் பேரப்பிள்ளைகள். திரையில் பச்சை எழுத்தில் ஒரு குடும்பத்தைத் திறந்தால் கிளை கிளையாக விரியும். தப்பான இடத்தில் போட்டுவிட்டால் எடுத்து வேறு இடத்தில் வைக்க 'மூவ்' என்று ஒரு கட்டளையும் கொடுத்தேன். உள்ளே நடப்பது மிக எளிது. ஒவ்வொரு ஃபைலிலும், தான் எந்த ஃபைலுக்குள் இருக்கிறது என்று ஒரே ஒரு குறிப்பு இருக்கும். மூவ் அந்தக் குறிப்பை மாற்றும், அவ்வளவுதான். எழுதி முடித்ததும் அக்காவிடம், "இனி அந்த நோட்டுப் புத்தகமெல்லாம் வேணாம், எல்லாம் மெஷின்ல இருக்கு" என்று சொல்லி, பதினைந்து வருஷ நோட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட வைத்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

டெங்கில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் அந்தச் சமயத்தில் வந்துகொண்டிருந்தார். அறுபது கடந்தவர், மனைவி இல்லை, ஒரே மகன் லோரி ஓட்டுகிறவர். பெரியவரின் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. பிறப்பைப் பதிந்த எண் தெரியாமல் பதிவு அலுவலகத்தில் எதையும் தேட முடியாது. அந்த எண் தோட்டத்து ஆபிஸின் பழைய பெரிய புத்தகம் ஒன்றில் இருந்தது. தோட்டம் கைமாறுவதற்கு முன்னால், அக்கா நேரில் போய் உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதி வந்து, நேராக மெஷினில் ஏற்றிவிட்டு, என் பேச்சை நம்பி எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். தோட்டம் விற்றான பிறகு அந்தப் புத்தகம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியவரின் பிறப்புப் பதிவைத் தேட உலகத்தில் மிச்சமிருந்த ஒரே தடம் எங்கள் மெஷினில் இருந்த அந்த எண்தான். நேர்காணல் ஒரு திங்கட்கிழமைக்கு வைத்திருந்தார்கள். அன்று எண்ணைக் காட்டாவிட்டால் மூன்றாவது முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, பங்சாரில் வேலை முடிந்து ஐந்தரைக்கு நான் படியேறிப் போனபோது அக்கா திரைக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, டெங்கில் பெரியவர் ஃபைலைக் காணோம்மா."

"காணோம்னா? சரியா தேடுனீங்களா?"

"மத்தியானத்துலேர்ந்து தேடுறேன். அவர் மட்டும் இல்ல, குடும்பமே இல்ல. மகன், பேரப்பிள்ளைங்க, எல்லாம் போச்சு."

"டெலீட் அழுத்திட்டீங்க."

"அழுத்தல."

"தெரியாம அழுத்தியிருப்பீங்க லா அக்கா."

"இந்த ஆபிஸ்ல பதினஞ்சு வருஷமா இருக்கேன். ஒரு தாள் தொலஞ்சதில்ல. உன் மெஷின் வந்து எட்டு மாசம்தான் ஆகுது." சொல்லிவிட்டு எழுந்துபோய் எனக்கு டீ கலக்கினார். கோபம் வந்தாலும் டீ கலப்பதை அவர் நிறுத்தியதில்லை.

சாயங்காலம் தவறாமல் அவர் மூன்று செட் டிஸ்கெட்டில் மாற்றி மாற்றி எடுத்து வைக்கும் நகல்களைப் போட்டுப் பார்த்தேன். மூன்று செட்டிலும் அந்தக் குடும்பம் இல்லை. நகல் எடுக்கும் புரோகிராமும் நான் எழுதியதுதான். தோட்டத்தில் தொடங்கிக் கிளை கிளையாக இறங்கி, கண்ணில் படுவதை மட்டும் எடுக்கும். கண்ணில் படாததை எடுக்காது.

"அந்தக் குடும்பத்துல கடைசியா என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். குரலைக் கொஞ்சம் இறக்கித்தான் கேட்டேன்.

"ஒண்ணும் செய்யலியே. பெரியவர் மகன் வீட்டோட போயிட்டாருன்னு ரெண்டு வாரத்துக்கு முன்ன மகன் வந்து சொன்னாரு, கம்போங் மேடான்ல. சரின்னு பெரியவரைத் தூக்கி மகன் ஃபைலுக்குள்ள வச்சேன்."

"எதுக்குள்ள?"

"மகனுக்குள்ளதான். அவர்தானே இப்ப பாத்துக்குறாரு? அந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல தனியா கெடந்து கிழவர் என்ன பண்ணுவாரு?"

ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டேன், அடக்க முடியவில்லை. மகன் ஏற்கெனவே அப்பாவுக்குள் இருக்கிறார். இப்போது அப்பா மகனுக்குள். அப்பாவைக் கேட்டால் மகனுக்குள் இருக்கிறேன் என்பார், மகனைக் கேட்டால் அப்பாவுக்குள் இருக்கிறேன் என்பார். தோட்டத்திலிருந்து இறங்கிப் போகிற வழியில் இரண்டு பேருமே இல்லை. இப்படி ஒரு நகர்த்தல் செல்லாது, மறுத்துவிட வேண்டும் என்று பாடத்தில் படித்தவள்தான் நான். ஆனால் அப்பாவைத் தூக்கிப் பிள்ளைக்குள் வைக்க யாருக்குத் தோன்றும் என்று அந்தச் சோதனையை எழுதாமல் விட்டிருந்தேன். நாலு வரி.

நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பெரியவரின் மகன், பொதுத் தொலைபேசியிலிருந்து.

"மேடம், நாளைக்கு வந்து அந்த நம்பர் காயிதத்த வாங்கிக்கவா? அப்பா காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காரு."

கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. "கொஞ்சம் பிரச்னை. ஃபைல் காணாமப் போயிருக்கு" என்றேன். "எல்லாம் உங்க அப்பா உங்க வீட்டுக்கு வந்ததால வந்த வினை. அவர் பழைய இடத்துலயே இருந்திருந்தா ஃபைலும் பத்திரமா இருந்திருக்கும்." மீதியை விளக்குவதற்குள் காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. மறுபடி கூப்பிடுவார் என்று இருந்தேன். கூப்பிடவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. எதிர்க் கடைகளும் ரயில் பாதையும் வெள்ளையாகக் கரைந்துபோய், அறை மட்டும் எங்கோ தனியாக மிதப்பதுபோல் இருந்தது. அழிந்தது எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். டிஸ்க்கில் அவர்கள் இருக்கிறார்கள், போகும் வழிதான் இல்லை. அதனால் தோட்டத்திலிருந்து இறங்குவதை விட்டுவிட்டு, டிஸ்க்கில் எழுதிய வரிசையிலேயே முதல் ஃபைலிலிருந்து கடைசி ஃபைல் வரை ஒவ்வொன்றாக எழுப்பி, நீ யாருக்குள் இருக்கிறாய், அவர் யாருக்குள், அவர் யாருக்குள் என்று மேலே ஏறிப்போய்க் கேட்கிற ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். ஏறி ஏறி எல்லோரும் ஒரு தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறவர்கள்தான் காணாமல் போனவர்கள்.

அந்தப் பழைய மெஷின் மெதுவாக ஏறியது. மழைச் சத்தத்தில் நான் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டில் ஒரு அப்பாவும் ஒரு மகனும் ஒருவர் வீட்டை ஒருவர் தேடி நடந்துகொண்டே இருப்பது எனக்குத் தெரிந்தது. தூங்கிவிட்டேனா என்னவோ. அக்கா தோளைத் தொட்டபோதுதான் திரையில் எழுத்து நின்றிருந்ததைக் கவனித்தேன். பெரியவர் இருந்தார். எண்ணும் இருந்தது. மணி பதினொன்று.

ஆனால் பட்டியல் அவரோடு நிற்கவில்லை. ஏழு குடும்பங்கள் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தன. அக்கா கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். "இவரும் மகன்கிட்டதான் போனாரு... இந்தம்மாவ மக கூட்டிக்கிட்டுப் போனா, பூச்சோங்குக்கு..." அப்பாவை, அம்மாவைக் கைவிட்ட பிள்ளைகளின் குடும்பம் எல்லாம் ஒழுங்காக வரிசையில் உட்கார்ந்திருந்தது. எந்தப் பிள்ளை கூட்டிக்கொண்டு போய் வைத்துச் சோறு போட்டதோ, அந்தக் குடும்பத்தை மட்டும் தேடித் தேடித் தொலைத்திருந்தது என் புரோகிராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சீ, எதுக்கு அழுவுற, அதான் கெடச்சிருச்சே" என்றார் அக்கா. அவர் கண்ணும் சரியாக இல்லை.

ஏழு பேரையும் அவரவர் தோட்டத்தில் திரும்ப வைத்துவிட்டு, விட்டுப்போன நாலு வரியை எழுதினேன். யாரை நகர்த்தினாலும், போகப்போகிற இடத்திலிருந்து மேலே ஏறிப் பார். வழியில் அந்த ஆளே எதிரில் வந்தால் நகர்த்தாதே. முதலில் 'செல்லாது' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் மட்டும் காட்ட வைத்தேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "ஏன்னு சொல்லாம வேணாம்னா, நான் மறுபடி மறுபடி அழுத்துவேன்" என்றார். மெஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழாகவே எழுதினேன்: இவர் பெற்றவர், பிள்ளையின் ஃபைலுக்குள் வைக்க முடியாது. அக்கா அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். "அப்ப வயசான காலத்துல அவங்க எங்கதான் இருப்பாங்க?" என்று கேட்டார். ஃபைலை நகர்த்தாமல், யார் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று எழுத ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்குச் சாப்பிடத் தோன்றியது.

எண்ணைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு டாக்சி பிடித்து நானே கம்போங் மேடானுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை பேசிய பேச்சுக்கு ஒரு மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று எண்ணம். மகன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், சட்டை முழுக்க நனைந்து.

"அப்பாவக் காணோம் மேடம். காலையில துணி வச்சிருந்த பையத் தூக்கிட்டுப் போயிட்டாரு. பாசார் கடைங்க, பஸ் ஸ்டேஷன், கோயில் எல்லாம் பாத்துட்டேன்."

"ஏன்? வீட்டுல ஏதாச்சும்..."

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க சொன்னத நேத்து அவர்கிட்ட அப்படியே சொன்னேன். என்னோட வந்து இருந்ததாலதான் ஃபைல் போச்சுன்னு."

ஐயோ என்று இருந்தது எனக்கு. அவர் எங்கே போயிருப்பார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

லோரியில் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். டெங்கில் வரைக்கும் மழை விடவில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக வந்து கண்ணாடியில் வழிந்து மறைந்தன. நாங்கள் நகர்கிறோமா, அதே வரிசைதான் திரும்பத் திரும்ப வருகிறதா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. மகன் ரோட்டையே பார்த்து ஓட்டினார். பேசித் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயம் பாதி இடிந்து கிடந்தது. கதவுகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கடைசி வீட்டுக்குள், பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒழுகாத ஒரு மூலையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு ஐயா. இதோ, உங்க நம்பர்."

அவருக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, ஈரம் படாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "எத்தன மணிக்குக் கெடச்சுது?"

"காலையில, பதினோரு மணிக்கு."

"நான் பத்து மணிக்கு இங்க வந்து எறங்குனேன்." மகன் பக்கம் திரும்பினார். "பாத்தியா?"

"அதனால இல்லீங்க ஐயா" என்றேன். "தப்பு என்னோடது. நான் எழுத வேண்டியத எழுதாம விட்டுட்டேன். நீங்க எங்க இருந்தாலும் இனி ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது. சத்தியமா சொல்றேன்."

"நீ படிச்ச புள்ள. இந்தக் கெழவன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற" என்றார் அன்பாக. நான் என்ன சொல்லியும் அவருக்கு ஏறவில்லை. ஃபைல் போனது எப்போது, அவர் மகன் வீட்டுக்குப் போன பிறகு. வந்தது எப்போது, அவர் இங்கே திரும்பிய பிறகு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் படித்த நான் அந்தக் கிழவரின் கணக்கை உடைக்க முடியாமல் நின்றேன்.

"வாங்கப்பா, போவோம்" என்றார் மகன்.

"திங்கக்கெழம முடியட்டும்."

"கதவில்லாத வீட்டுல எப்படிப்பா இருப்பீங்க? என் வீட்டுல உங்களுக்கு என்ன கொறை? சொல்லுங்க."

"கொறை ஒண்ணும் இல்லடா" என்றார் பெரியவர். "அதான் பயமா இருக்கு."

மகன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பிறகு லோரியில் என்னைக் கொண்டுபோய் டெங்கில் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, கடையில் ரொட்டியும் கொசுவத்தியும் ஒரு தார்ப்பாயும் வாங்கிக்கொண்டு, அப்பாவோடு தங்குவதற்குத் திரும்பிப் போனார்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்கு நானும் போனேன். அப்பாவும் மகனும் கசங்கிய சட்டையோடு நேராகத் தோட்டத்திலிருந்து வந்திருந்தார்கள். கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண். எண்ணை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் வெகுநேரம் கழித்து ஒரு நகலோடு வந்தார். பெரியவரின் அப்பா பெயர், அம்மா பெயர், தோட்டத்தின் பெயர், எல்லாம் அதில் இருந்தது. மகன் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, கூச்சத்தோடு உடனே விட்டுவிட்டார்.

அந்தப் பெண் பேனாவை எடுத்துக்கொண்டு, "பாக்சிக், செகாராங் திங்கால் டி மானா?" என்று கேட்டார். இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்று.

பெரியவருக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனாலும் மகனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க ஐயா. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

கம்போங் மேடானில் மகன் வீட்டு விலாசத்தை அவர் மெல்லிய குரலில் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் அந்தப் பெண்ணின் கையிலிருந்த காகிதத்தை விட்டு அவர் கண் அகலவில்லை. அது இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.